முதல் அடியில் யாரும் இல்லை

ஸ்பிரிங்வேல் மீன் கடையில் டோக்கன் எடுத்துக்கொண்டு நின்றிருந்தேன். போன் அடித்தது. ஹேமி.

"உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். துஷிக்குத் தெரிய வேண்டாம்."

இப்படி ஆரம்பிக்கிற எந்தப் பேச்சாவது நல்லபடியாக முடிந்து பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. ஆனாலும் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன். மனுஷ புத்தி!

ஹேமி என்றதும் பாவாடை தாவணியைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சு வரை தாடி, பகலில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. நியூசிலாந்து மாவோரி ஆள். அங்கே ஹேமி என்பது ஆண் பெயர். மெல்பர்னில் எங்களுடைய சின்ன ரெகே (ஜமைக்கா இசை) பாண்டுக்குப் பாட்டு, கிடார், அதட்டல் எல்லாம் அவன்தான். நான் பேஸ் கிடார். துஷி டிரம்ஸ்.

"துஷி இன்னமும் முதல் அடியை அடிக்கிறாள்," என்றான். (அவன் பேசுவது இங்கிலீஷ். மொழிபெயர்ப்பு என் பொறுப்பு.) "ஞாயிற்றுக்கிழமைக்குள் அது மாறாது. ஜீலாங்கிலிருந்து என் கஸின் வருகிறான். ரெகேயிலேயே பிறந்து வளர்ந்தவன். வியாழக்கிழமை சாயங்காலம் கராஜுக்கு வா. சும்மா ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம்."

"துஷி?"

"முதலில் வாசித்துப் பார்ப்போம், மேட்."

அதே நேரம் கவுன்டரில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். "சரி" என்றேன். மீன்காரருக்கா, ஹேமிக்கா? இரண்டு பேருமே தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன விசேஷம் என்று சொல்ல வேண்டும்.

ஜமைக்காவில் ஒரு ஜோடி இருந்தது. ஒருவர் டிரம்ஸ், இன்னொருவர் பேஸ். ரெகே கேட்டவர்கள் யாரும் இவர்களைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது – ஆனால் பேர் கேட்டால் தெரியாது. பாடியவர் பேர்தான் தெரியும். போஸ்டரும் பாடியவருக்குத்தான். பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். பின்னால் இந்த இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். இன்றைக்கு எந்த நாட்டில் யார் ரெகே வாசிக்க உட்கார்ந்தாலும், தெரிந்தோ தெரியாமலோ அவர்கள் போட்ட பாதையில்தான் காலை வைக்கிறார்கள். இது ஹேமி சொல்வது. சொல்லும்போது குரல் கோயிலில் பேசுகிற மாதிரி இறங்கிவிடும்.

இருவருமே இப்போது இல்லை. அவர்கள் நினைவாக ஒரு பப்பின் பின்முற்றத்தில், ஞாயிறு மத்தியானம், இங்கே உள்ள ரெகேக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஒவ்வொரு பாண்டுக்கும் மூன்று பாட்டு. ஒரே ஒரு நிபந்தனை – அன்றைக்கு டிரம்ஸும் பேஸும் மேடையில் முன்னால். பாடகர் பின்னால்.

எனக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் அந்த 'முன்னால்'.

இனி அந்த முதல் அடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். 'ஒன்று'தான் பலமாக விழும், இல்லையா? ரெகேயின் பழைய, அசல் தாளத்தில் அந்த 'ஒன்று' காலி. டிரம்ஸ் அங்கே ஒன்றும் செய்யாது. எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில் ஒரு பள்ளம். கனமான அடி விழுவது மூன்றில். அந்தப் பள்ளத்தில் தடுக்கித்தான் உடம்பு ஆடுகிறது.

நம் சினிமாப் பாட்டுகளிலும் கேட்டிருப்பீர்கள் – கடற்கரை, தொப்பி, கிடாரில் 'ச்சக்... ச்சக்'. ஆனால் நாம் சும்மா விடுவோமா? பள்ளம் இருக்கிற இடத்தில் ஒரு டோலக் வந்து உட்கார்ந்துவிடும். பஸ்ஸில் காலி ஸீட்டைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஜாதியா நாம்?

துஷிக்கு இது இன்னும் கஷ்டம் என்று நினைத்தேன். அவள் சிட்னி மெரிலேண்ட்ஸில் வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். இப்போது மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். சின்ன வயதிலிருந்தே மிருதங்கம். அரங்கேற்றமும் செய்தவள். இங்கே அரங்கேற்றம் என்றால் லேசுப்பட்ட விஷயமில்லை – ஹால் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, தெரிந்த அன்ரி அங்கிள் அத்தனை பேரையும் பட்டுப்புடவையோடும் கோட்டோடும் உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகு, நடனம் பழகும் பிள்ளைகளின் நிகழ்ச்சிகளுக்கு வார இறுதிகளில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

மிருதங்கக்காரர்களுக்குச் சமம் என்றால் உயிர். தாளத்தின் முதல் அடி அது. எங்கே சுற்றினாலும், என்ன வித்தை காட்டினாலும், கடைசியில் அங்கே வந்து விழுந்தாக வேண்டும். அப்படி வளர்ந்த கையிடம் போய் 'முதல் அடியை விட்டுவிடு' என்றால்? பழக்கதோஷம், பாவம் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தீர்ப்பு எழுதுவது எனக்குக் கைவந்த கலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா திண்டுக்கல்லில் லோடு இறக்கினார். அம்மா வெங்காய மண்டியில் தரம் பிரித்தாள். எனக்குப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாததாலோ என்னவோ, உலகத்துக்கே பாடம் எடுக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது. துஷியை மட்டும் விடுவேனா?

அந்தப் போன் வருவதற்கு முந்தைய வாரம், ஹேமியின் கராஜில் அவளைத் தனியாக உட்கார வைத்தேன். என் போனில் தாளம் எண்ணுகிற மெட்ரோனோம். 'டிக், டிக், டிக், டிக்.'

"ஒண்ணை மனசுக்குள்ள சொல்லிக்கோ. கையை எடுக்காத. மூணுல மட்டும் போடு."

"ஓம் அக்கா."

வாசித்தாள். முதல் அடி காலி. சுத்தமான பள்ளம். ஐந்து நிமிடம் வாசித்தும் ஒரு தவறு இல்லை.

"பார்த்தியா? வருது!"

"ஓம் அக்கா. வருது." முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மாணவியின் நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் சேர்ந்து வாசித்தோம். கொஞ்ச நேரம் ஒழுங்கு. அப்புறம் – டும்! முதல் அடியில். ஹேமி கண்ணை மூடிக்கொண்டான். நான் அவளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன்.

"ஸொறி அக்கா. பாக்கிறன்."

தனியாக வருகிறது. சேர்ந்தால் வரவில்லை. நான் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். ஒரே சாம்பிள் ஒரு மெஷினில் ஒழுங்காகவும் இன்னொரு மெஷினில் கோணலாகவும் ரிசல்ட் காட்டினால், நாங்கள் சாம்பிளைத் திட்ட மாட்டோம். மெஷினைக் கழற்றிப் பார்ப்போம். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கராஜுக்குள் வந்ததும் அந்த அறிவு எங்கே போனது?

மீன் கடை போனுக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் ஃபிரிட்ஜைத் திறக்கத் தோன்றும். திறந்தால் எதற்குத் திறந்தோம் என்று மறந்துவிடும். லேபில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். லிஃப்ட் வருவதற்குள் படியில் ஓடினேன். மேடையில் முன்னால் நிற்கப்போகிறேன்... நிற்பேனா? துஷியோடா? துஷி இல்லாமலா?

புதன்கிழமை அவளிடமிருந்து மெசேஜ்: 'அம்மா சிட்னியிலயிருந்து காரிலயே வாறாவாம். எனக்காகத்தான். எல்லாருக்கும் ரோல்ஸ் செய்துகொண்டு வாறா. உங்களுக்கு உறைப்புக் கூடவோ குறையவோ?'

போனைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்து எடுத்து, 'கூட' என்று மட்டும் அனுப்பினேன். துரோகத்துக்கு மிளகாய்த்தூள் போட்டுச் சாப்பிடப்போகிறவளுக்கு அதற்குமேல் என்ன எழுதத் தோன்றும்?

வியாழக்கிழமை போனேன்.

கஸின் நல்ல பையன். கை குலுக்கினான், சிரித்தான், உட்கார்ந்தான், அடித்தான். அட! பள்ளம் என்றால் அதுதான் பள்ளம். 'ஒன்று' வருகிற இடத்தில் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்க்கிறான். பதற்றமே இல்லை. எனக்கு ஒரே உற்சாகம். இனி எல்லாம் சரி என்று விரலை ஓட்டினேன்.

பாட்டு முடிந்தபோது ஹேமிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னொரு தடவை," என்றான்.

இன்னொரு தடவை வாசித்தோம். கடைசிச் சரணத்தில் அவன் வார்த்தைகளை மென்று விழுங்கினான். கஸின் குச்சியைக் கீழே வைத்தான். ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்கள் நேரடியாகக் குறை சொல்ல மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா?

"பேஸ் கொஞ்சம்... ஆர்வமாக இருக்கிறது," என்றான்.

ஹேமி போனில் பதிவு செய்திருந்ததைப் போட்டான். பாட்டின் முதல் நிமிடம். பிறகு கடைசி நிமிடம். ஒரே பாட்டு என்று சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். முதலில் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த ஆள், கடைசியில் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்.

"துஷி இருக்கும்போது இப்படி ஓடவில்லையே..." என்று சொல்லிக்கொண்டே போன வாரத்துப் பதிவைத் தேடிப் போட்டான்.

கேட்டோம். பாட்டு ஒழுங்காகப் போகிறது. என் பேஸ் மெல்ல, மெல்ல முன்னால் நகர்கிறது. டும்! துஷியின் முதல் அடி. என் பேஸ் பின்னால் வந்து இடத்தில் நிற்கிறது. மறுபடி பள்ளம், மறுபடி சுத்தம். மறுபடி நான் நகர்கிறேன். டும்!

ரோட்டில் ஓடப் பார்க்கிற குழந்தையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பார்களே – அந்த மாதிரி ஒரு டும்.

"அவள் தப்பாக அடிக்கவில்லை," என்றான் ஹேமி மெதுவாக. "உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்."

அதற்குப் பிறகு அந்தக் கராஜில் நான் இருந்த நிலையை வர்ணிக்க விருப்பமில்லை. பேஸைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். அது பாதியில் மாட்டிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து அதை இழுத்தோம்.

காரில் உட்கார்ந்து யோசித்தேன். நான் ஏன் ஓடுகிறேன்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்கியவள் நான். முந்தாவிட்டால் அடுத்தவளைக் கேட்டுவிடுவார்கள். ஒரு வருடம் நின்றால் அத்தோடு படிப்பு நின்றது, மண்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் தயாராக இருந்தது. அப்படி ஓடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஓடியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஒன்று'க்குப் பள்ளம் வந்தால் எனக்குள் ஏதோ பயந்துகொண்டு அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. சும்மா இருக்கிற ஒரு கணத்தை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் உண்டு. 'நீ செய்வது தப்பு' என்று யாரும் என்னிடம் சொல்வதில்லை. அப்படிச் சொல்வதற்கு நான் இடம் கொடுத்தால்தானே?

வெள்ளிக்கிழமை துஷியின் மத்தியான பிரேக்கில் முதியோர் இல்லத்துக் கார் பார்க்குக்குப் போனேன். அவள் யூனிஃபார்மோடு வந்து என் காரில் ஏறி, ஸாண்ட்விச்சைப் பிரித்தாள். நான் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் – போன் வந்தது, கஸின் வந்தது, நான் போனது. அதிலும் ஓட்டம்தான்.

அவள் ஸாண்ட்விச்சை மடியில் வைத்தாள்.

"நீங்கள் போய் இன்னொராளோட வாசிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஆமா."

"எப்பிடி இருந்தது?"

"கேவலமா இருந்துச்சு."

"அவனுக்கு அடிக்கத் தெரியாதோ?"

"அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு பாட்டி வாக்கரைத் தள்ளிக்கொண்டு காரைக் கடந்து போனார். துஷி கையை ஆட்டினாள். அவர் போகும்வரை சிரித்த முகம். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"அம்மா வாறா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, அக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு போனனீங்கள்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு முன்னால் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஸாண்ட்விச்சின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள்.

கடைசியில் நான்தான் கேட்டேன். "நான் ஓடுறேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லியிருக்கலாம்ல, துஷி? ஹேமி உன்னைத் திட்டும்போதாவது?"

"எனக்கு அப்பிடிச் சொல்லிப் பழக்கமில்லை, அக்கா." இப்போது அவள் குரலில் கோபத்தைவிட அலுப்புத்தான் இருந்தது. "சின்னப் பிள்ளையள் ஆடேக்க பயத்தில தாளத்தை விட்டு ஓடுங்கள். நாங்கள் மேடையில சொல்லுறதில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கிறதில்லை. சமத்தை நல்லா அடிச்சுக் காட்டுவம். பிள்ளை பிடிச்சுக்கொண்டு வந்திடும். சபைக்கு ஒண்டும் தெரியாது. அவ்வளவுதான்."

"நான் சின்னப் பிள்ளையா?"

"ஓடேக்க அப்பிடித்தான் இருக்கிறியள்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குக் கண்ணிலும் கொஞ்சம் வந்தது.

"அதோட," என்றாள், "நீங்கள் எவ்வளவு சந்தோசமா வாசிக்கிறியள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை. ஆனா எனக்கு மெட்ரோனோம் வச்சுப் பாடம் எடுத்தியளே... அதுதான் கொஞ்சம் ஓவர்."

ஹேமி அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டான். மாவோரி, இங்கிலீஷ் இரண்டிலும் கேட்டானாம். கஸினுக்குக் கோபமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பீர் குடிக்க வருவதாகச் சொன்னானாம். துஷி மட்டும் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "முதல் அடியில நீங்களும் வாசிக்க வேண்டாம். ஆருமே வாசிக்க வேண்டாம். நீங்கள் அங்க மூச்சை மட்டும் விடுங்கோ. நான் ஒருக்காலும் அடிக்க மாட்டன். ஓடினா ஓடினதுதான், பிடிக்க ஆள் இல்லை."

சனிக்கிழமை முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும். பாட்டு இல்லை, கிடார் இல்லை. மூச்சு விட்டேன். மறந்தேன். ஓடினேன். அவள் அடிக்கவில்லை. நான் தனியாகப் போய் எங்கேயோ முட்டிக்கொண்டு நின்றேன். அவள் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, ஊரில் இல்லாத பொறுமையோடு உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஆரம்பித்தோம்.

நடுவில் எங்கோ ஒரு தடவை – அந்தக் காலி இடத்தில் நான் மூச்சு விட்டபோது, அவள் மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது.

அந்த ஜமைக்கா ஜோடி விட்டுப்போனது என்ன என்று கேட்டால் ஹேமி ரெகார்டுகளை எடுத்து அடுக்குவான். எனக்கு அது தெரியாது. இவ்வளவுதான் தோன்றுகிறது: இரண்டு பேர் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஒருவரை ஒருவர் எவ்வளவு நம்ப வேண்டும்! சேர்ந்து உழைக்க ஆள் கிடைத்துவிடும். சேர்ந்து சும்மா இருக்க...?

ஞாயிற்றுக்கிழமை. பப்பின் பின்முற்றத்தில் நல்ல வெயில். குழந்தைகள், நாய்கள், கறி சுடுகிற புகை. முன் வரிசையில் சாந்தி அன்ரி – துஷியின் அம்மா – புடவையில், மடியில் ரோல்ஸ் டப்பாவோடு. பக்கத்தில் பீர் டம்ளரோடு கஸின். டப்பா அவன் பக்கமாக ஏற்கெனவே திறந்திருந்தது.

மேடையில் டிரம்ஸ் முன்னால். அதற்கு இடதுபக்கம் நான். ஹேமி எங்களுக்குப் பின்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக அடக்க ஒடுக்கமாக.

துஷி என்னைப் பார்த்தாள். ஆரம்பித்தோம்.

அன்ரியின் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்ததை மேலிருந்தே பார்த்தேன். தாளம் தெரிந்த குடும்பம். 'ஒன்று' வந்தது. அன்ரியின் கை 'பட்' என்று விழுந்தது – மேடையில் சத்தமே இல்லை. திடுக்கிட்டு மகளைப் பார்த்தார். அடுத்த சுற்று. மறுபடி அவர் கை மட்டும் விழுந்தது. மறுபடி மேடையில் காலி. அவர் முகத்தில் கவலை ஏறிக்கொண்டே போனது. பின்னால் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் மூச்சு விட்டேன். ஒவ்வொரு 'ஒன்று'க்கும்.

மூன்று பாட்டும் முடிந்து கீழே இறங்கினோம். கைதட்டல், கட்டிப்பிடித்தல், ஹேமியின் தாடியில் கண்ணீர். அன்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மகளிடம் வந்து அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஏன் சமத்தை விட்டு விட்டு அடிச்சனீ? கை நோகுதோ?"

துஷி ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இல்லையம்மா. இண்டைக்கு ஒருத்தரும் ஓடேல்லை."

மூன்றாவது பாட்டில் கொஞ்சம் ஓடினேன்... அதை அவள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.